வீட்டை மாற்றிக்கொள்ள முன்னர்

விடுமுறைக் காலத்தில் இரு குடும்பங்கள் தத்தம் வீடுகளை மாற்றிக்கொள்வது மேல்நாட்டாருக்குப் பழைய வழக்கம். 1953ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து தொடங்கியது அது. நீண்ட விடுமுறையும் குறைந்த சம்பளமும் உள்ளவர்களுக்குத் தோன்றக்கூடிய யோசனைதான். 2006இல் வெளிவந்த 'தி ஹாலிடே' என்ற ஆங்கிலப் படத்தின் கதையே இதுதான். இப்பொழுது புலம்பெயர்ந்த நம்மவரும் இதைப் பற்றிப் பேசத் தொடங்கியுள்ளனர்: "ஆடி, ஆவணியில் மட்டக்களப்புக்கு வருகிறோம், உங்கள் வீட்டைத் தாருங்கள், நீங்கள் எங்கள் ரொறன்ரோ வீட்டில் இருங்கள்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கனடாக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் நினைத்த மாதத்தில் கட்டுநாயக்காவில் வந்து இறங்கலாம். கல்லடியில் இருப்பவர் ரொறன்ரோவுக்கோ இலண்டனுக்கோ போவதென்றால் வங்கிக் கணக்கு தொடங்கித் திரும்பி வருவேன் என்பதற்கான அத்தாட்சி வரை அடுக்கி விசாவுக்குக் காத்திருக்க வேண்டும், கிடைக்காமலும் போகலாம். அப்படியானால் அது மாற்று அல்ல, இரவல். இரவல் கொடுப்பதில் தவறில்லை. அதை இரவல் என்றே சொல்லிக் கொடுப்பது உறவுக்கு நல்லது. உண்மையான மாற்று நுவரெலியாக் குடும்பத்தோடோ யாழ்ப்பாணக் குடும்பத்தோடோதான் நமக்குச் சாத்தியம். கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் மலைநாட்டுக் குளிர் நமக்கு வேண்டும். பாசிக்குடாக் கடல் அவர்களுக்கு வேண்டும். இதை ஏன் ஒருவரும் பெரிதாக முயன்று பார்க்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

யாருக்குக் கொடுத்தாலும் முதலில் வீட்டுக்காரியிடம் கேளுங்கள். நம் பகுதியில் வீடு பெரும்பாலும் தாய்வழியாகப் பெண்ணுக்குச் சீதனமாக வருவது. உறுதி அவர் பெயரிலேயே இருக்கும். கணவன்மார் தொலைபேசியில் வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு குசினிப் பக்கம் போய்ச் சொல்வது முறையல்ல.

அடுத்தது தண்ணீர். வாவிக்கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் உண்டு. வரட்சியில் அது கூடும். எது குடிக்கும் நீர், எது குளிக்கும் நீர் என்பது நமக்குப் பழக்கத்தில் தெரியும். வருபவருக்குத் தெரியாது; எழுதி ஒட்ட வேண்டும். நுளம்பு அதைவிடப் பெரிய காரியம். டெங்கு நுளம்பு தெளிந்த நீரில் முட்டையிட்டு ஒரு வாரம், பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். பீலியில் தங்கிய நீர், வளவில் கிடக்கும் சிரட்டை, பூச்சாடித் தட்டு, மூடாத நீர்த்தாங்கி எல்லாவற்றையும் புறப்படுவதற்கு முதல் நாள் பாருங்கள். அது பகலில் கடிப்பது என்பதால், கட்டிலுக்கு வலை கட்டிவிட்டேன் என்று திருப்திப்பட முடியாது. சன்னலுக்கும் வலை வேண்டும்.

வழி சொல்வது இப்பொழுது எளிது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அவ்வழியாகப் படுவான்கரைக்கு வருபவருக்குத் தோணித்துறையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது. கல்லடிப் பாலத்தில் மீன் பாடும் என்று மட்டும் உறுதி கொடுத்துவிடாதீர்கள். நிலவு இருக்கிறது, காற்று அடங்கியிருக்கிறது, தண்ணீரும் அசையவில்லை, இருந்தும் ஒன்றும் கேட்காமல் திரும்பியவர்கள் ஏராளம்.

வீட்டைக் கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள் என்ற அச்சம் நம்மவருக்கு உண்டு. அது வெறும் மனப்பிரமை அல்ல. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, பத்து ஆண்டுகள் இடையறாது, உரிமையாளருக்கு எதிராக, ஒரு காணியை ஆண்டு வந்தவர் அதற்கு உரிமை கோரலாம். போர்க்காலத்தில் காணியை விட்டு ஓடியவர்களுக்காக 2016இல் தனிச்சட்டம் ஒன்றே இயற்ற வேண்டி வந்தது. ஆனால் சம்மதத்தோடு இருப்பவர் எதிராக ஆள்பவர் அல்லர். இன்ன நாள் தொடங்கி இன்ன நாள் வரை விருந்தினராக இருக்கிறார் என்று இருவரும் ஒப்பமிட்ட ஒரு தாள் போதும். கிராம உத்தியோகத்தரிடமும் அயலவரிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள். என்னைக் கேட்டால், பத்து மாதமாய்ப் பூட்டிக் கறையான் ஏறும் வீட்டைவிட, திறப்பைக் கொடுத்து ஆளை இருத்திய வீடு பத்திரமானது.

எதை அகற்றுவது, எதை வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நகையையும் உறுதியையும் ஓர் அலுமாரியில் பூட்டுங்கள். சுவாமி அறையைப் பூட்டுவதா என்பது உங்கள் விருப்பம். மச்சம் சமைக்கலாமா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாலையிட்ட படங்களை மட்டும் கழற்ற வேண்டாம் என்பேன். வாவியைச் சுற்றிய பல வீடுகளில் அப்படி ஒரு படமாவது உண்டு. 1990 என்று ஆண்டு எழுதியிருக்கும், அல்லது 2004 டிசம்பர் 26 என்று. சுற்றுலா வருபவருக்கு மனம் வருந்துமே என்று அவற்றைத் துணி சுற்றிக் கட்டிலுக்கடியில் வைப்பது, வந்தவருக்கு மரியாதை செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டிலிருந்து போனவருக்கும் அது மரியாதை அல்ல. வருபவர் விடுதிக்கு வரவில்லை, ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு வருகிறார். படத்தின் கீழே பெயரும் உறவும் ஆண்டும் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்த்து, மங்கியிருந்தால் திரும்ப எழுதி வையுங்கள். கூட வரும் பிள்ளைகள் கேட்பார்கள்.