எடை கூடினால் கலோரி கூடும், கொழுப்பு?

டிரெட்மில்லில் ஏறியதும் அது முதலில் கேட்பது நம் எடையைத்தான். பயிற்சியின் கடுமை 8 மெட், அதாவது சும்மா இருக்கும்போது ஆகும் செலவைப்போல 8 மடங்கு, என்று வைத்துக்கொண்டால், 20 நிமிடம் ஓடிய 60 கிலோக்காரருக்கு 160 கலோரி என்றும் 90 கிலோக்காரருக்கு 240 கலோரி என்றும் திரையில் எண் வரும். இதை வைத்துத்தான், எடை கூடியவருக்கு ஹிட் எனப்படும் தீவிர இடைவெளிப் பயிற்சியில் கொழுப்பு வேகமாகக் கரையும் என்று பலரும் சொல்கிறார்கள். கலோரிக் கணக்கு சரி. அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. அந்தக் கூடுதல் 80 கலோரி, கூடுதல் 30 கிலோவைச் சுமந்து ஓடியதற்கான செலவு. உடம்பைத் தாங்கும் இருக்கையில் அமர்ந்து சைக்கிள் மிதித்தால் இந்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

செலவான கலோரி எதிலிருந்து வந்தது என்பதே முக்கியமான கேள்வி. கொழுப்பு நிதானமாக எரியும் எரிபொருள். ஒரே அளவு ஆற்றலுக்கு மாவுச்சத்தைவிட அதிக ஆக்சிஜன் கேட்கும். மூச்சு வாங்க ஓடும்போது தசை அதற்குக் காத்திருக்க முடியாமல், தன்னிடம் சேமித்து வைத்த மாவுச்சத்தான கிளைக்கோஜனை எடுத்துக்கொள்கிறது. 1993-இல் ஆய்வாளர் ரோமைன் குழுவினர் பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களை அவரவர் உச்சத்திறனில் 25, 65, 85 சதவீதத்தில் மிதிக்கவைத்து அளந்தார்கள். கொழுப்பு அதிகம் எரிந்தது 65-இல். 85-இல் அது குறைந்துவிட்டது. இது ‘அவரவர்’ உச்சத்தின் சதவீதம் என்பதைக் கவனிக்க வேண்டும். பயிற்சி இல்லாத 90 கிலோக்காரருக்கு ஏற்றத்தில் வேகமாக நடப்பதே அந்த 85 ஆக இருக்கலாம். பக்கத்தில் ஓடும் 60 கிலோக்காரரின் வேகத்தை அவர் பிடிக்க முயன்றால் கலோரி கூடும். அதில் கொழுப்பின் பங்கோ குறையும்.

பயிற்சி முடிந்த பிறகும் உடம்பு எரித்துக்கொண்டே இருக்குமே என்று கேட்கலாம். இருக்கும். ஆனால் அது பயிற்சிச் செலவில் 6 முதல் 15 சதவீதம் என்றே ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. 240 கலோரிக்கு அதிகபட்சம் 36. ஒரு இட்லிக்குக்கூட ஈடாகாது. அப்படியானால் இந்தப் பயிற்சி வீணா? நிச்சயமாக இல்லை. காலியான கிளைக்கோஜனை உடம்பு சாப்பாட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு, ஓய்வு நேரத்தில் கொழுப்பை எடுத்துச் செலவழிக்கிறது. ஆகவே கொழுப்பின் கணக்கு நாள் முழுதுக்குமானது, வாரக்கணக்கில் தீர்வது. உடல் பருமன் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான அலசலில், ஹிட்டும் நிதானமான தொடர் பயிற்சியும் கொழுப்பைக் கிட்டத்தட்ட ஒரே அளவு குறைத்தன. ஹிட்டுக்கு ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்த நேரமே பிடித்தது. இந்த நேர மிச்சமும் இதயத் திறனும்தான் அதன் உண்மையான லாபம். ஹிட் பற்றிப் பேசும்போது எல்லோரும் மேற்கோள் காட்டும் இசுமி தபாட்டாவின் 1996 ஆய்வும் ஆக்சிஜன் திறனையும் ஆக்சிஜன் இல்லாமல் இயங்கும் திறனையும்தான் அளந்தது, கொழுப்பை அல்ல.

பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எடை கூடியவரை அடுத்தவர் வேகத்துக்கு விரட்டாதீர்கள். இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் பேச முடியாத மூச்சிரைப்பு வந்தாலே அவருக்கு அது தீவிரம்தான். முட்டியை நோகடிக்கும் குதிப்புகளை விட்டு, சைக்கிளிலோ ஏற்ற நடையிலோ தொடங்கவையுங்கள். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால், டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகே தொடங்கட்டும்.