எட்டாம் மாதத்தின் மேல் சுமத்தப்பட்ட பழி

ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்த பிள்ளை தங்காது என்னும் நம்பிக்கை தமிழகத்தில் ஆழ வேரூன்றியது. செங்கல்பட்டைச் சுற்றிய ஊர்களும் கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான கடலோரக் குப்பங்களும் அதற்கு விலக்கல்ல. கேட்பதற்கு வெறும் பழமொழி போலத் தோன்றும் இந்நம்பிக்கை பொய்யானது. உயிருக்கும் கேடு விளைவிப்பது.

இதன் பழமையை மறுக்க வேண்டியதில்லை. கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் ஓஜஸ், அதாவது உயிரைத் தாங்கும் சாரம், தாய்க்கும் சேய்க்கும் இடையே நிலையின்றி அலைவதால் அப்போது நிகழும் பிறப்பு ஆபத்தானது என்று சரக சம்ஹிதை கூறுகிறது. சுசுருத சம்ஹிதையும் அவ்வாறே கருதுகிறது. இப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்களோ, ஏழாம் மாதத்தில் வெளிவர முயன்று தோற்ற சிசு மறு மாதம் நலிந்து கிடப்பதாக விளக்கின. முடிவு ஒன்றாக இருப்பினும் காரணங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்பதே, முடிவை முதலில் ஏற்றுக்கொண்டு காரணத்தைப் பின்னர் தேடியிருக்கிறார்கள் என எண்ணச் செய்கிறது.

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் பேறுகாலம் 280 நாள், அதாவது 40 வாரம். 37 வாரம் நிறையும் முன் நிகழ்வது குறைமாதப் பிரசவம். அவ்வாறு பிறக்கும் குழந்தைக்கு முதல் எதிரி முதிராத நுரையீரலே. மூச்சை வெளிவிடும்போது நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாதபடி காக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் வழுவழுப்பான பொருள் ஏறத்தாழ 34 வார அளவில்தான் போதிய அளவு சுரக்கிறது. அது குறைவதே மூச்சுத் திணறலுக்குக் காரணம் என்பதை மேரி எலன் ஏவரி 1959இல் நிறுவினார். ஆகவே கருப்பையில் கழியும் ஒவ்வொரு வாரமும் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறதே அன்றி, எட்டாம் மாதத்தில் அதைத் தாழ்த்தும் பள்ளம் எதுவும் இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், சுமார் 34 வாரத்தில் பிறந்து இரண்டு நாளில் இறந்தது இந்த நுரையீரல் நோயால்தான். அத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோர் இன்று பிழைக்கின்றனர். மாறியது மருத்துவம், மாதம் அன்று.

பிறகு ஏன் இந்நம்பிக்கை நீடிக்கிறது? ஏழாம் மாதப் பிறப்புகளைவிட எட்டாம் மாதப் பிறப்புகள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால், விகிதம் குறைவாயினும் அம்மாத மரணங்கள் ஊரார் கண்ணில் மிகுதியாகப் படுகின்றன. ஏழாம் மாதத்தில் பிறந்து பிழைத்தவர் ஊரறிய வாழ்கிறார். அம்மாதத்தில் இறந்தவையோ கரு கலைந்த கணக்கில் சேர்ந்து மறக்கப்படுகின்றன. நாள் கணக்கு தவறியதால் ஏழு மாதம் எனப்பட்ட முதிர்ந்த குழந்தைகளும் உண்டு.

கேடு இங்கேதான் தொடங்குகிறது. ஏழாம் மாத வளைகாப்புக்குப் பின் தாய்வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அடிவயிறு விட்டு விட்டு இறுகினாலும், இடுப்பு கடுத்தாலும், சூட்டு வலி என்று சீரகக் கஷாயம் கொடுத்துக் காத்திருப்பது வழக்கம். எட்டாம் மாதப் பிள்ளை எப்படியும் தங்காது என்ற எண்ணமும் சேர்ந்தால், விரைந்து செல்லவேண்டிய கால்கள் தயங்கும். பலருக்கு அந்த வலி தானே அடங்கிவிடும் என்பது உண்மை. ஆயினும் எது அடங்கும், எது பிரசவத்தில் முடியும் என்பதைக் கருப்பை வாயைச் சோதித்தே அறிய முடியும், கஷாயத்தால் அன்று.

அந்நேரத்தில் இழக்கப்படுவது மணிக்கணக்கான வாய்ப்பு. பிறப்புக்கு முன் தாய்க்குச் செலுத்தும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்கிறது என்பதை நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் 1972இல் காட்டினர். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வும், டெக்ஸாமெத்தசோன் என்னும் அவ்வகை ஸ்டீராய்டு பச்சிளங்குழந்தை மரணத்தைக் குறைப்பதை உறுதிசெய்தது. 24 முதல் 34 வாரம் வரையிலான குறைமாத வலிக்கு 12 மணி நேர இடைவெளியில் நான்கு ஊசிகள் என்பது 2014இல் இந்திய அரசு வகுத்த நெறி. அவை பலனளிக்கக் கால அவகாசம் தேவை என்பதால், வலியைத் தற்காலிகமாகத் தணிக்கும் மருந்தும் தரப்படுவதுண்டு. பிறந்தபின் தாயின் வெற்று மார்போடு குழந்தையை அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பும் உயிர்காப்பதாக நிறுவப்பட்டுள்ளது.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் தமிழகத்தில் ஓடுகிறது. எனவே எந்த மாதமானாலும், வயிறு சீராக இறுகித் தளர்ந்தாலும், பனிக்குட நீர் கசிந்தாலும், இரத்தம் பட்டாலும், பெரியவர்கள் மாதத்தை எண்ணி விதியை நோகாமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும். எட்டாம் மாதப் பிள்ளை பிழைக்கும். அதைப் பிழைக்கவிடும் பொறுப்பு வீட்டாருடையது.