கடைசி நாலு விரல் தண்ணீர்

“அண்ணா, மூணு இஞ்ச் பெட்ரோல் பம்பு வண்டியிலயே கிடக்கு. நிமிஷத்துக்கு ஆயிரம் லிட்டர். பன்னெண்டு நிமிஷத்துல குழியக் காலி பண்ணிடலாம்.”

மெல்பர்னின் மேற்கே, டார்னெய்ட்டில் லீக்ஸ் ரோட்டுக்கு வடக்கே ஒரு புது மனை. முந்தைய இரவு மழையில் அஸ்திவாரக் குழிகள் நிரம்பிக் கிடந்தன. கான்கிரீட் லாரி மறுநாள் காலை ஏழு மணிக்கு வருவதாக ஏற்பாடு. சொன்ன தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். மதுரைப் பக்கம், கெட்டிக்காரன். அவன் கணக்கிலும் பிழையில்லை. குழிகளில் நின்றது ஏறக்குறைய 12,000 லிட்டர். ஆனால் அன்று மாலை நாலு மணிக்கும் தண்ணீர் அங்கேதான் நின்றது.

முதல் சில நிமிடங்கள் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நீல நிறக் குழாய் புடைத்துக்கொண்டு காபித் தண்ணீரைச் சாலையோர மழைநீர் வாய்க்குள் கொட்டியது. நீர்மட்டம் கணுக்காலுக்கு இறங்கியதும் கதை மாறியது. உறிஞ்சுகுழாய் காற்றைக் குடித்தது, கொர்ரென்று ஒரு சத்தம், என்ஜின் எகிறியது, நீலக் குழாய் துவண்டு படுத்தது. நிறுத்தி, மூடியைத் திறந்து, வாளியால் தண்ணீர் ஊற்றி, கயிற்றை இழுத்து மறுபடி ஓட்டினான். இரண்டு நிமிடம் ஓடியது. மறுபடி காற்று. ஆறாவது தடவை பம்பின் உறையைக் கழற்றிப் பார்த்தோம். சுழலும் இதழ்களுக்கு நடுவில் கருஞ்சாம்பல் களி, பிசைந்த மாவைப் போல அப்பியிருந்தது. அதற்குள் நகக்கண் அளவில் கருங்கல் சில்லுகள். வறட்டு ஓட்டத்தில் தண்டின் சீல் கருகிப்போயிருந்தது. குழியின் அடியில் நாலு விரல் தண்ணீர், அதற்கும் கீழே நாலு விரல் சேறு. லாரியை வேண்டாமென்று சொல்ல வேண்டியதாயிற்று.

நம் ஆட்களிடம் மட்டுமல்ல, இங்குள்ள எல்லா சைட்டிலும் வேரோடியிருக்கும் ஒரு நம்பிக்கையோடுதான் எனக்குச் சண்டை. எந்தப் பம்பு அதிவேகமாக இறைக்கிறதோ அதுவே நல்ல பம்பு. தண்ணீர் கண்ணை விட்டு மறைந்தால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கை. டயாபிரம் பம்பு என்று வாயெடுத்தால் உடனே வரும் பதில், “அது ரொம்ப ஸ்லோ” என்பது. பல வருடங்களாக இந்த ஒரே பதிலைக் கேட்டுச் சலித்துவிட்டேன்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அதன்மேல் எனக்கு மரியாதையும் உண்டு. கமலையில் மாடு பூட்டி இறைத்த ஊர்க்காரர்கள் நாம். பிறகு ஆயில் என்ஜின் வந்தது. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் கோவையில் மின்மோட்டார் செய்தார்கள்; பின்னால் அந்த ஊரே பம்பின் ஊராயிற்று. மும்முனை மின்சாரம் வரும் சில மணி நேரத்துக்குள் வயல் நனைந்தாக வேண்டும். அங்கே “எத்தனை எச்.பி.?” என்பது சரியான கேள்வி. கிணற்றுத் தண்ணீர் தெளிந்தது, போய்ச் சேருமிடம் வயல், வேகம்தான் விளைச்சல். அந்தக் கேள்வியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து டார்னெய்ட் குழிக்குள் இறக்கும்போதுதான் தப்பு நடக்கிறது. இங்கே குழியில் நிற்பது பாதி மண்.

மெல்பர்னின் மேற்கு எரிமலைக் குழம்பு ஆறி உறைந்த சமவெளி. மேலே கருங்கல் சிதைந்து உண்டான களி, கீழே கருங்கல். கோவில்பட்டிக் கரிசலைப் பார்த்தவர்களுக்கு இந்த மண்ணை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை: நனைந்தால் வீங்கும், காய்ந்தால் கை நுழையும் அளவு வெடிக்கும். இந்த வீக்கத்துக்குப் பயந்துதான் ஏஎஸ் 2870 என்ற ஆஸ்திரேலியத் தரநிர்ணயம் மனைகளின் மண்ணை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, அதற்கேற்ப ஸ்லாப் வடிவமைக்கச் சொல்கிறது. குழியின் அடியில் தங்கும் கடைசி நாலு விரல் தண்ணீர் அந்தக் களியை ஊறவைத்துக் குழைத்துவிடுகிறது. குழைந்த களியின்மேல் கான்கிரீட் ஊற்ற முடியாது. கெட்டித் தரை வரும்வரை சுரண்டி எடுக்க வேண்டும். ஆக, வீட்டுக்குத் தீங்கு செய்வது மேலே நின்ற இரண்டடித் தண்ணீரல்ல, அடியில் மிஞ்சுவதுதான். வேகப் பம்பு கைவிடுவதும் சரியாக அங்கேதான்.

இதில் மர்மம் ஏதுமில்லை. சுழல் பம்புக்குள் எப்போதும் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். சுழலி தண்ணீரை வெளிப்புறம் வீசுகிறது. அந்த வீச்சில்தான் நடுவே உறிஞ்சல் பிறக்கிறது. காற்றை அப்படி வீச அதனால் முடியாது. பெட்டியில் அச்சடித்திருக்கும் ‘நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டர்’, தண்ணீரை மேலே தூக்கவே தேவையில்லாத நிலையில் கிடைக்கும் உச்ச அளவு. மூன்று மீட்டர் ஆழத்திலிருந்து இழுத்து, ஐம்பது மீட்டர் குழாயில் தள்ளினால் அது சரசரவென்று இறங்கும். சேறு கலந்தால் இன்னும் இறங்கும்.

டயாபிரம் பம்பு வேறு சாதி. கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கெட்டி ரப்பர்த் தகடு பின்னால் போகும்போது வயிறு உப்பி இழுக்கிறது. முன்னால் வரும்போது தள்ளுகிறது. உள்ளே வரும் வழியிலும் வெளியே போகும் வழியிலும் ஒவ்வொரு அடைப்பான், போனது திரும்பாது. சின்ன மனைகளில் பெட்ரோல் என்ஜின் ஒரு தடியை ஏற்றி இறக்கி அந்தத் தகட்டை ஆட்டும். பெரிய வேலைகளில் அழுத்தக் காற்றால் இயங்கும் இரட்டைத் துருத்தி: ஒன்று இழுக்கும்போது மற்றது தள்ளும். இந்தக் காற்று வகையை 1955-ல் கலிபோர்னியாவில் ஜிம் வில்டன் கொண்டுவந்தார். காற்றை இழுத்தாலும் இதற்குக் கவலையில்லை, அதையும் தண்ணீரைப் போலவே தள்ளிவிடும். வறட்டில் மணிக்கணக்காக ஓடினாலும் கருகுவதற்குச் சுழலும் சீல் கிடையாது. வெளிக்குழாய் மடங்கி அடைபட்டால் காற்று வகை அப்படியே நின்றுவிடும். மடிப்பை எடுத்தால் தானே கிளம்பும். வாளித் தண்ணீர் ஊற்றாமலே ஐந்து மீட்டர் ஆழம்வரை இழுத்துவிடும். குறை இல்லாமலில்லை. பந்து அடைப்பான் வைத்ததில் சிறு கல்தான் போகும், பெரிய கல் வந்தால் பந்து உட்காராமல் பம்பு வெறுமனே அடித்துக்கொண்டிருக்கும். மடல் அடைப்பான் வைத்தது பெரிய கல்லையும் விழுங்கும். அழுத்தக் காற்று விலை கூடிய ஆற்றல், கம்ப்ரெசர் டீசலைக் குடிக்கும். சிட்னியில் ஐந்தாறு தளம் கீழே மணற்கல்லை வெட்டி இறங்கும் கட்டடத்தில் இரவு பகலாக ஊறும் நிலத்தடி நீருக்கு நீர்மூழ்கிப் பம்புகள்தான் வேண்டும். வெள்ளம் புகுந்த இடத்துக்கும் டயாபிரம் ஆகாது. இதையெல்லாம் ஒத்துக்கொண்டுதான் பேசுகிறேன்: அஸ்திவாரக் குழி, சாக்கடைப் பள்ளம், பட்டறைத் தொட்டியின் அடிச்சேறு ஆகியவற்றில் வேகப் பம்பைவிட இதுவே முதலில் முடிக்கும். சீலுக்காகக் கடைக்கு ஓடிய நேரத்தையும், மறுபடி மறுபடி வாளி ஊற்றிய நேரத்தையும், ரத்தான லாரியையும் கணக்கில் சேர்க்காதவரைதான் அது ‘ஸ்லோ’.

காற்று வகைக்கு இன்னொரு நன்மை உண்டு, அதை நம்மவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். குழிக்குள் இறங்குவது ஒரு காற்றுக் குழாய் மட்டுமே. மின்கம்பியும் இல்லை, புகையும் இல்லை. இழுக்கும் ஆழம் போதவில்லையென்று பெட்ரோல் பம்பையே பள்ளத்துக்குள் இறக்கி ஓட்டுகிறவர்களை நான் இங்கே கண்ணால் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் கிணற்றுக்குள் என்ஜினை இறக்கி ஓட்டி, கார்பன் மோனாக்சைடு சூழ்ந்து, தூக்கப்போனவனும் சேர்ந்து செத்த செய்திகளைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. அரை மணி நேரம் மிச்சம் பிடிக்க ஒருவன் அதற்குள் இறங்கக் கூடாது.

இனி குழாயின் மறுமுனைக்கு வருகிறேன். எனக்கு அதிகம் வலிப்பது அங்கேதான். “மண்ணும் தண்ணியும்தானே அண்ணா, மழை பெஞ்சா தானா போறதுதானே?” என்கிறார்கள். சாலையோர மழைநீர் வாய் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. கழிவறைத் தண்ணீர் வெரிபீயில் உள்ள மேற்குச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மழைநீர் ஓடைக்குப் போகிறது. இந்தப் பக்கத்து ஓடைகளில் ஒன்றான ஸ்கெலிட்டன் கிரீக், ஹாப்பர்ஸ் கிராசிங் வழியாக இறங்கி, சீத்தம் சதுப்புநிலத்தின் ஓரமாய் போர்ட் பிலிப் விரிகுடாவில் கலக்கிறது. அந்த மேற்குக் கரையை 1982-லேயே ராம்சார் என்ற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். பழைய உப்பளங்கள் இருந்த இடம்; சைபீரியாவில் குஞ்சு பொரிக்கும் உள்ளான்கள் ஆண்டுதோறும் வந்து இரை தேடும் சேற்றுத்தரை. 2002-ல் ராம்சார் பட்டியலுக்கு வந்த நம் கோடியக்கரைக்கும், வேதாரண்யம் உப்பளங்களை ஒட்டி, அதே சைபீரியாவிலிருந்து உள்ளான்கள் வருகின்றன. அங்கே போய் நின்று பறவை பார்த்துப் படமெடுக்கும் நாம், இங்கே அதன் உறவுகளின் தட்டில் களியைக் கொட்டுகிறோம்.

களி ‘தானா படிஞ்சிடும்’ என்பது நம்பிக்கையின் அடுத்த பகுதி. அசையாத தண்ணீரில் 0.1 மில்லிமீட்டர் மணல் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். இரண்டு மைக்ரான் களித்துகளுக்கு மூன்று நாள் வேண்டும். ஒரு மைக்ரான் என்றால் பன்னிரண்டு நாளுக்கு மேல். ஓடும் ஓடையில் அது படிவதேயில்லை. வெளிச்சத்தை மறைத்து, மீனின் செவுளை அடைத்து, கடல்வரை போகிறது. வழியில் புது எஸ்டேட்டுகளில் கட்டியிருக்கும் செயற்கைச் சதுப்புக் குளங்களில் ஒரு பங்கு தங்கும். அதைத் தூர்வார கவுன்சில் செலவழிப்பது நாம் கட்டும் ரேட்ஸ் பணம்.

வேகம் இங்கே செய்யும் கெடுதல் இரண்டு. நிமிடத்துக்கு மூவாயிரம் தடவைக்கு மேல் சுழலும் இதழ், கட்டியாய்க் கிடந்த களியை மாவாக அரைத்துவிடுகிறது. படியக்கூடியதும் படியாமல் போகிறது. டயாபிரம் கட்டியைக் கட்டியாகவே தூக்கிக்கொண்டு போய்ப் போடும். இரண்டாவது இதைவிட மோசம். ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை அந்த மூன்று அங்குலப் பம்பு ஒரே நிமிடத்தில் நிரப்பிவிடும். அந்த வேகத்தை வாங்கிக்கொள்ள சைட்டில் எந்தத் தொட்டியாலும் முடியாது, சாலையைத் தவிர. வேகப் பம்பைத் தேர்ந்தெடுத்த அந்தக் கணத்திலேயே தண்ணீர் எங்கே போகும் என்பதும் முடிவாகிவிடுகிறது.

மெல்ல இறைப்பவனுக்கு வழிகள் திறக்கின்றன. மேல்தண்ணீரைத் தண்ணீர் லாரியில் ஏற்றிப் புழுதி அடக்கத் தெளிக்கலாம். டார்னெய்ட்டில் புழுதிக்குப் பஞ்சமில்லை. அடிச்சேற்றை மட்டும் தொட்டிகளில் விட்டு ஜிப்சம் தூவலாம். நியூ சவுத் வேல்ஸில் ‘நீலப் புத்தகம்’ என்று எல்லோரும் அழைக்கும் 2004-ஆம் வருடக் கையேடு, நூறு கன மீட்டர் கலங்கல் தண்ணீருக்குச் சுமார் 30 கிலோ ஜிப்சம் என்கிறது. ஓடையில் விடுமுன் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் வண்டல் இருக்கக் கூடாது என்கிறது. எங்கள் குழியின் மொத்தத் தண்ணீருக்கும் நாலு கிலோகூட ஆகாது. ஜிப்சத்தின் கால்சியம் களித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடும். அதற்குள் ஸ்லாப் ஊற்றி முடித்திருக்கலாம், தொட்டி ஓரமாகத் தன்பாட்டில் நிற்கும்.

விக்டோரியாவில் இது விருப்பப்பட்டால் செய்கிற நல்ல காரியமும் அல்ல. 2017-ஆம் வருடச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தீங்கு வருமுன் நியாயமாகச் செய்யக்கூடியதையெல்லாம் செய்வது ஒவ்வொருவரின் கடமை என்கிறது அது. பம்பின் கயிற்றை இழுக்கிறவனும் அந்த ‘ஒவ்வொருவரில்’ அடக்கம். சூப்பர்வைசர் சொன்னார், பில்டர் சொன்னார் என்பது அவனைக் காப்பாற்றாது. 2021 கணக்கெடுப்பில் டார்னெய்ட்டில் 56,000 பேருக்கு மேல்; இன்னும் தெருத்தெருவாக வீடு எழும்புகிறது. ஒவ்வொரு மனையிலும் ஒரு குழி, ஒவ்வொரு குழிக்கும் ஒரு மழை. ஐந்நூறு சதுர மீட்டர் மனையில் பத்து மில்லிமீட்டர் பெய்தாலே 5,000 லிட்டர்.

அந்தத் தம்பி அடுத்த மழைக்கு என்னிடம் கேட்காமலே டயாபிரம் பம்பை வாடகைக்கு எடுத்து வந்திருந்தான். மேல்தண்ணீர் லாரியில் ஏறிப் போய்விட்டது. மதியம் நான் போனபோது பம்பு மேட்டில் உட்கார்ந்து டப், டப் என்று நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது; ஒவ்வொரு அடிக்கும் குழாய் வாய் ஒரு வாய் கருஞ்சேற்றைத் தொட்டிக்குள் துப்பியது. இடையிடையே காற்று வந்தது, அது பாட்டுக்கு அடித்தது. இரண்டு மணி வாக்கில் அவன் என்னைக் கூப்பிட்டான். குழியின் அடியில், எக்ஸ்கவேட்டர் வாளியின் பற்கள் களியில் கீறியிருந்த ஐந்து தடங்களும், ஈரம் மினுங்க, வரிவரியாகத் தெரிந்தன.