லயத்துக்குக் காப்பீடு எடுப்பவர் யார்?

மலையில் மண் சரியும்போதெல்லாம் ஓர் அறிவுரை தவறாமல் வந்துவிடுகிறது: வீட்டைக் காப்பீடு செய்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் புயல் வெள்ளத்துக்கு வீட்டைப் பறிகொடுத்தோருக்குச் சொல்லப்படுவதும் இதுவே. நம் நாட்டில் 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் வீட்டுக் காப்பீடு விற்பனைக்கு உள்ளது. வெள்ளமும் நிலச்சரிவும் அதில் அடக்கம். விற்பவர் ஆயத்தமாக இருக்கிறார். வாங்குபவருக்கு வீடு வேண்டாமா?

இடுக்கி மாவட்டம் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்களின்மீது விழுந்தது. 70 பேர் மாண்டனர். நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனதால் மறுநாள் காலையில்தான் வெளியுலகம் செய்தியறிந்தது. மாண்டோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு அந்த மண்ணில் ஒரு சென்ட் நிலம் சொந்தமில்லை. லயம் கம்பெனியுடையது, ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். 2005 இல் கண்ணன் தேவன் நிறுவனம் உருவானபோது தொழிலாளருக்கும் பங்கு உண்டு என்று பெருமை பேசினார்கள். பங்குப் பத்திரம் தந்தவர்கள் பட்டா தரவில்லை. இத்தகைய குடும்பம் எதைக் காப்பீடு செய்யும்? சட்டி பானைகளை வேண்டுமானால் செய்யலாம்!

அப்படியானால் பொறுப்பு யாருடையது? 1951 ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 1981 இல் ஒரு திருத்தம் வந்தது. முதலாளி கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தினரோ இறந்தால் முதலாளி இழப்பீடு தரவேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் முற்றிலும் நேரடியாகவும் இயற்கைப் பேரிடரால் வீடு இடிந்திருந்தால் அவருக்குப் பொறுப்பில்லை என்று அதே பிரிவு கதவைத் திறந்துவிடுகிறது. 2020 ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இந்த விலக்கை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. தொழிலாளர் உரிமைகள் பலவற்றை வெட்டியெறிந்த கைகள் இதைமட்டும் தொடவில்லை.

மழை இயற்கையின் செயல், மெய்தான். சரிவின் அடிவாரத்தில் வரிசையாக லயங்களைக் கட்டியது இயற்கையா? இடத்தைத் தேர்ந்தவர் நிர்வாகம்; வேறிடம் கேட்கும் உரிமைகூடத் தொழிலாளிக்கு இல்லை.

பாலக்காட்டுப் பக்கம் நெல்லியாம்பதித் தோட்டங்களிலும் இதே லய வாழ்க்கைதான். 2018 ஆகஸ்ட் பெருமழையில் மலைப்பாதை உடைந்து அந்த ஊர் துண்டிக்கப்பட்டது. அடிவாரத்தில் சொந்த வீடு உள்ளவர் இடிந்த சுவரைக் காட்டி அரசிடம் நிவாரணம் கேட்கலாம். லயத்தில் இருப்பவர் கம்பெனியின் சுவரைக் காட்டி என்ன கேட்பார்?

பெட்டிமுடியில் எஞ்சிய எட்டுக் குடும்பங்களுக்கு அரசு நிலம் தர, நிறுவனம் வீடு கட்டிக்கொடுத்தது. இறந்தபின் கிடைப்பது இருக்கும்போதே ஏன் கிடைக்கவில்லை? ‘இயற்கைப் பேரிடர்’ என்னும் விலக்கு சட்டத்தொகுப்பிலிருந்து நீக்கப்பட வேண்டும். சரிவுகளின் கீழுள்ள லயங்கள் அடுத்த பருவமழைக்கு முன் நிர்வாகத்தின் செலவில் மாற்றப்பட வேண்டும். ஒவ்வொரு தொழிலாளர் குடும்பத்துக்கும் அவர்கள் பெயரிலேயே நிலமும் வீடும் வேண்டும். அதன்பின் காப்பீட்டு முகவர் வந்து கதவைத் தட்டட்டும்.