மூன்று பழம் போதும்

சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள் கழிந்ததும் எங்கள் புளோக்கின் குப்பை சேகரிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தொட்டிகள் வரிசையாக வந்து நிற்கும். கிளையில் கட்டிய சிவப்பு நாடாவைக்கூட அவிழ்க்காத குட்டி ஆரஞ்சு மரங்கள். பழத்தின் நிறம் பொன்னைக் குறிக்கும் என்பதால் வாங்குகிறார்கள். விழா முடிந்ததும் பொன்னுக்கு வேலை இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒன்றை மின்தூக்கியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இடுப்பு உயரம், நூறு பழமாவது இருக்கும். "இதை போன்சாய் ஆக்கப்போகிறேன்" என்று வீட்டில் அறிவித்தேன். மூன்றே மாதத்தில் விறகு ஆக்கினேன்.

தவறு முழுக்க என்னுடையது. அந்த கும்குவாட் மரம் குளிர்காலம் உள்ள தென்சீனத்தில் பழகியது. வளர்ப்பவர்கள் நடுவில் தண்ணீரை நிறுத்தி, மரத்தை வாட்டி, ஒரே வீச்சில் பூக்க வைக்கிறார்கள். அப்போதுதான் பழமெல்லாம் புத்தாண்டுக்குச் சேர்ந்தாற்போல் பழுக்கும். அதாவது, கையிருப்பு முழுவதையும் செலவழித்துவிட்டு வந்து நிற்கும் மரம் அது. நான் ஒரு பழத்தைக்கூடப் பறிக்காமல் அழகுக்கு விட்டேன். அதே வாரம் வேரைப் பாதியாக வெட்டினேன். ஆழமில்லாத தட்டுத் தொட்டியில் நட்டேன். மூன்று தண்டனை ஒரே நேரத்தில்.

எலுமிச்சை இனத்தில் போன்சாய் வளர்க்க நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேரையும் கிளையையும் வெட்டிக்கொண்டே வந்தால் இலை சிறுக்கும், மரம் குட்டையாகவே நிற்கும். ஆனால் பழம் சிறுக்காது. ஓரடி மரத்தில் சாத்துக்குடி காய்த்தால் சின்னப் பிள்ளை தர்பூசணி தூக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். அதனால் இயல்பிலேயே சிறிய பழம் கொண்டதைத் தேட வேண்டும். நமக்குக் கையெட்டும் தூரத்தில் இருப்பது மீ சியாம் தட்டின் ஓரத்தில் பாதியாக வெட்டி வைக்கும் லிமாவ் கஸ்தூரி. அதுவே கும்குவாட்டும் மாண்டரின் ஆரஞ்சு வகையும் கலந்த கலப்பினம்தான். இந்தச் சூட்டுக்குப் பழகியது, ஆண்டு முழுவதும் காய்ப்பது.

இந்தக் குடும்பம் நமக்குப் புதிதல்ல. கறிவேப்பிலை, வில்வம் இரண்டும் இதைச் சேர்ந்தவை. ஆவுடையார்கோயிலில் மாணிக்கவாசகர் குருவைக் கண்ட குருந்த மரமும் இந்தக் குடும்பம்தான். சீனர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் வளர்க்கும் முள் நிறைந்த ஒரு சிறு மரம் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி முறை.

என் மரம் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி தந்தது. ஹவ்காங்கிலிருந்து பொங்கோலுக்குக் குடிவந்தபோது அவர் கையோடு கொண்டுவந்த லிமாவ் கஸ்தூரி, அவரைவிட உயரமாக வளர்ந்திருந்தது. பிள்ளைகள் தனியே போனபின் ஈரறை வீட்டுக்கு மாற முடிவு செய்தார். மரம் அங்கே நுழையாது. "யூ டேக் லா" என்றார். பொது நடைவழியில் 1.2 மீட்டர் இடம் விட்டாக வேண்டும் என்பது தீப் பாதுகாப்பு விதி. அந்தத் தொட்டியை என் வாசலில் வைத்தால் நான்தான் வெளியே நிற்க வேண்டும். சாவியை ஒப்படைக்க இரண்டு மாதம் இருந்தது. மரத்தைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் இரண்டு கிளையைக் காப்பாற்றலாம் என்றேன்.

விதை போட்டால் பழம் பார்க்கப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். விண்பதியம் போட்டால், இங்குள்ள நர்சரிகளில் மார்க்கோட் என்பார்கள், காய்க்கும் வயது வந்த கிளையே தனி மரமாகும். கட்டைவிரல் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரிக்க வேண்டும். உள்ளே வழவழவென்றிருக்கும் பச்சைப் படலத்தைச் சுரண்டிவிட வேண்டும். இதைச் சோம்பலில் விட்டால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. ஈரப் பாசியைச் சுற்றி, பிளாஸ்டிக் தாளால் மூடி, இரு முனையையும் இறுக்கிக் கட்ட வேண்டும். ஏழாவது வாரம் தாளுக்குள் வெள்ளை வேர்கள் தெரிந்தன. ஆன்ட்டி தினமும் வந்து அதைத் தொட்டுப் பார்த்தார். வெட்டி இறக்கியபின் பெரியது அவருக்கு, சிறியது எனக்கு.

வெயில்தான் பெரிய பாடு. குறைந்தது நான்கைந்து மணி நேரம் நேர்வெயில் வேண்டும். என் நடைவழி வடக்கு பார்த்தது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால் வெயில் உள்ளே வரும். அதன்பின் வெளிச்சம் மட்டும்தான். அக்டோபரில் தொட்டியைத் தெற்குப் பக்கச் சமையலறை ஜன்னலுக்கு, கம்பிக்கு உள்பக்கமாக, மாற்றிவிடுவேன். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு ஆண்டு முழுவதும் ஒரே வெயில் என்று நினைப்பது சரியல்ல. செடி வாங்குமுன் வீடு எந்தத் திசை பார்க்கிறது என்று பாருங்கள்.

தண்ணீருக்கு அட்டவணை கிடையாது. சாத்தே குச்சி ஒன்றை மண்ணில் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். ஈரமாக வந்தால் விட்டுவிடலாம். மண்ணில் பாதிக்குமேல் சின்னக் கல்போன்ற பொருளாக இருக்கட்டும், பியூமிஸோ உடைத்த சுட்ட களிமண் உருண்டையோ. மேல்மண் இறுகினால் கிளறிவிட வேண்டும். வேருக்குக் காற்று வேண்டும் என்பது ஒரு காரணம். இறுகிய மண்மேல் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். அடித்தட்டே நான் வைப்பதில்லை. தண்ணீர் ஊற்றத் தொட்டியைக் கழுவுதொட்டிக்குத் தூக்கிப் போகிறேன். புதுத் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து போதவில்லை. துளிரில் வெள்ளிக் கோடு கிறுக்கியதுபோல் இருந்தால் இலைக்குள் புழு சுரங்கம் தோண்டுகிறது. அந்த இலையைக் கிள்ளிவிடுங்கள்.

வண்ணத்துப்பூச்சிதான் எனக்குத் தர்மசங்கடம். எத்தனை மாடி என்றாலும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி தேடி வந்துவிடுகிறது. துளிரில் மஞ்சள் முத்துப்போல் ஒரு முட்டை. பொரிந்ததும் பறவை எச்சம் மாதிரி கிடக்கும் புழு, பிறகு பச்சையாகி, தொட்டால் ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டி நாற்றம் விடும். போன்சாயில் இருப்பதே அறுபது எழுபது இலை. மூன்று புழு இரண்டு நாளில் மொட்டையடித்துவிடும். கொல்ல மனம் வரவில்லை. தேக்காவில் வாங்கிய எலுமிச்சையின் விதையைப் போட்டுத் தனியாக நான்கு கன்று வைத்திருக்கிறேன். புழுக்களை அங்கே குடியேற்றுவது என் மகளின் வேலை.

பொங்கோல் என்ற மலாய்ப் பெயருக்கே, பழம் விழக் குச்சியை வீசி மரக்கிளையில் அடிப்பது என்று பொருள் சொல்வார்கள். எனக்கு இந்த ஊரில் அமைந்த வேலையும் அதுதான், பழம் ஆகுமுன்பே உதிர்க்கிறேன். பதியம் போட்ட முதல் ஆண்டு எல்லாப் பிஞ்சையும் கிள்ளினேன். இப்போது விரல் பருமன் தண்டில் மூன்று பழம் மட்டும் விடுகிறேன். பழம் வைத்தால் மரம் வேரையும் கிளையையும் மறந்து பழத்துக்கே ஊட்டும். தரையில் நிற்கும் மரத்துக்கு அது தாங்கும். இரண்டு கைப்பிடி மண்ணில் நிற்பதற்குத் தாங்காது.

ஆன்ட்டியிடமும் இதைச் சொல்லித்தான் கொடுத்தேன். அவருக்கு மனம் ஒப்பவில்லை. பழத்தைப் பிஞ்சிலேயே கிள்ளுவது அவருக்கு வரும் அதிர்ஷ்டத்தை வாசலில் தடுப்பதுபோல. கடந்த புத்தாண்டுக்கு அவர் மரத்தில் நாற்பது பழம். படம் அனுப்பியிருந்தார், சிவப்பு நாடாவோடு. மூன்று மாதம் கழித்து, ஒரு பைக்குள் மரத்தை வைத்துக்கொண்டு எல்ஆர்டியில் வந்து இறங்கினார். ஒன்பது இலை பாக்கி. நுனிக் கிளைகள் காய்ந்திருந்தன. "யூ சீ, கேன் ஆர் நாட்?" என்றார். அந்த வீட்டிலிருந்து அவர் கொண்டுபோன உயிருள்ள பொருள் அது ஒன்றுதான்.

வேரைத் தொடவில்லை. காய்ந்ததை மட்டும் வெட்டி, வெயில் படும் இடத்தில் வைத்து, உரம் போடாமல் ஆறு வாரம் பொறுத்தேன். அடித்தண்டில் இரண்டு துளிர் வந்தது. பிறகு ஐந்து. போன வாரம், அந்த எலும்பும் தோலுமான மரம் பூத்துப் பிஞ்சும் விட்டுவிட்டது. மொச்சை அளவு, பதினொன்று.

நேற்று இரவு ஆன்ட்டியிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "காட் ஃபுரூட் ஆர் நாட்?" துளிரை மட்டும் படம் எடுத்து அனுப்பினேன். பிஞ்சுகள் பதினொன்றும் அப்போது ஜன்னலோரத்தில் ஒரு காப்பித் தட்டில் கிடந்தன.