ஆலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை... சரி, அப்புறம்?

சுனாமி பற்றிப் பேச்சு வந்தாலே வேளாங்கண்ணி பற்றி ஒரு வரி கட்டாயம் வந்துவிடும். "சுத்திலும் எல்லாம் போச்சு, மாதா கோயிலுக்குள்ள மட்டும் தண்ணி வரலை. அதுதான் ஜெபத்தோட சக்தி!" இதைக் கேட்காமல் எனக்கு ஒரு டிசம்பர் மாதமும் போனதில்லை. எனக்கும் ஜெபத்தில் நம்பிக்கை உண்டு. இருந்தும் இந்த வரி ஒவ்வொரு தடவையும் நெருடுகிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அலை வந்த நேரத்தில் ஆலயத்துக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள், உண்மைதான். கடற்கரையில் நின்றவர்கள்? பூசை முடிந்து கடலைப் பார்க்கப் போனவர்கள், கடலில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகலாம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கியவர்கள்? அவர்களும் மாதாவைத் தேடித்தானே அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தார்கள்? நூற்றுக்கணக்கான யாத்திரிகர்கள் அங்கே செத்துப்போனார்கள். மெழுகுவர்த்தியும் மாலையும் விற்றுக்கொண்டிருந்தவர்களும் போனார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சாவு ஆறாயிரத்தைத் தாண்டியது.

உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றியது ஜெபம் என்றால், வெளியே இருந்தவர்களின் ஜெபம் என்ன ஆயிற்று? "அவங்க சரியா ஜெபிக்கலை" என்று யாரும் நேரடியாகச் சொல்வதில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் காதில் அந்த வரி அப்படித்தான் விழும். பிழைத்தவர் நன்றி சொல்லட்டும், தாராளமாகச் சொல்லட்டும். அதையே கடவுள் போட்ட கணக்காக மாற்றி மேடையில் பேசும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

இது புதுக் கேள்வியும் கிடையாது. 1755 நவம்பர் 1, சகல புனிதர்களின் திருநாள். போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்தில் காலைப் பூசைக்குக் கூட்டம் நிரம்பியிருந்த நேரத்தில் பூகம்பம் வந்தது. கோயில்கள் ஜனங்கள் மேலேயே இடிந்து விழுந்தன. பிறகு கடலும் பொங்கி வந்தது. வால்டேர் அதைப் பற்றி ஒரு கவிதையே எழுதி, எல்லாம் நன்மைக்கே என்று பேசியவர்களை உலுக்கிவிட்டார். கோயிலுக்குள் இருந்தால் பிழைக்கலாம் என்ற சூத்திரம் அன்றைக்கே உடைந்துவிட்டது.

அப்படியானால் ஜெபம் வீணா? என்னைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. ஆனால் அதை இன்ஷூரன்ஸ் பாலிசி மாதிரி நினைப்பதுதான் சிக்கல். (பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டலில் நடக்கும் திடீர் பக்தியை இதில் சேர்க்கவில்லை!) பைபிளைத் திறந்து பாருங்கள். 150 திருப்பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். எங்கே போனாய், ஏன் முகத்தை மறைத்துக்கொண்டாய் என்று கடவுளோடு சண்டை போடுகிற பாட்டுகள். 88ஆம் திருப்பாடலோ கடைசிவரை ஆறுதல் இல்லாமல் இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் வழிபாட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்து எறியாமல் இத்தனை நூற்றாண்டுகளாகப் பாடி வந்திருக்கிறார்கள். கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே, இந்தத் துன்பம் என்னை விட்டுப் போகட்டும் என்று மூன்று முறை ஜெபித்தார். போகவில்லை. மறுநாள் சிலுவை. அவருக்கு விசுவாசம் பத்தவில்லை என்று யாராவது சொல்வார்களா?

நம்பிக்கை என்றால் எனக்கு இதுதான்: கேட்டது கிடைக்காதபோதும் அவரிடம் பேசுவதை விடாமல் இருப்பது. திட்டிக்கொண்டாவது பேசுவது. பேச்சே வராத துக்கத்தில் ஜெபமாலை மாதிரி மனப்பாடமான ஜெபங்கள் கைகொடுக்கும். சொந்த வார்த்தை தீர்ந்த இடத்தில் வாய் தானாக அதைச் சொல்லும். நம்மால் அதுவும் முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் சொல்வார். கூடி வழிபடுவதன் அருமையே இதில்தான் இருக்கிறது.

"அலையை நிறுத்தாத ஜெபம் எதுக்குடா?" என்று வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் அன்றைக்கு சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29க்கு. அலை நாகப்பட்டினம் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் கரையில் இருந்தவர்களிடம் "ஓடுங்க" என்று சொல்ல ஓர் ஏற்பாடு நம்மிடம் இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007ல்தான். மனிதர்கள் செய்திருக்க வேண்டிய வேலைக்கும் சேர்த்துக் கடவுளைக் கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் இருக்கும் நாகூர் தர்கா. செத்தவர் இந்துவா, முஸ்லிமா, கிறிஸ்தவரா என்று பார்க்காமல் உடல்களைப் புதைக்கத் தன் நிலத்தைத் திறந்துவிட்டார்கள். தொழுகை நடக்கிற இடம், கூடவே குழி வெட்டுகிற வேலை. ஆலயத்துக்குள் தண்ணீர் வராததைவிட இதைத்தான் நான் பெரிய புதுமை என்பேன்.

வேளாங்கண்ணியிலும் மொத்தமாகப் புதைத்த இடத்தில் ஒரு நினைவு ஸ்தூபி இருக்கிறது. டிசம்பர் 26 அன்று ஊர்வலமாக அங்கே போய் மூன்று மதத்தாரும் சேர்ந்து பிரார்த்தனை செய்கிறார்கள். தன் பிள்ளை அங்கே எந்த இடத்தில் கிடக்கிறது என்று தெரியாமலேயே மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். கேட்டது கிடைக்காதவர்கள். ஆனாலும் ஜெபிக்கத்தான் வருகிறார்கள்.