அம்பு பையைக் கொஞ்சம் கழற்றுங்கள்

இதயம் நின்றவரின் மானிட்டரில் வி.எஃப். ஓடினால் ஆளுக்கொரு வேலை இருக்கிறது. நேர்கோடோ, அலை ஒழுங்காக ஓடியும் நாடி இல்லாத பி.இ.ஏ.வோ என்றால் அறையில் சுருதி இறங்கிவிடுகிறது. மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அட்ரினலின் 1 மி.கி.; நடுவில் கடிகாரத்தைப் பார்ப்பது. ஷாக்குக்கு வழியில்லாதபோது அட்ரினலினைச் சீக்கிரம் போடுவது சரிதான். (2010-லேயே நெறிமுறையிலிருந்து எடுத்துவிட்ட அட்ரோபினை இன்னும் சில டிரேக்களில் காண்பது தனிக் கதை.) ஆனால் இதயம் நின்றதற்கான காரணம் அப்படியே இருந்தால் எத்தனை ஆம்பியூல் உடைத்தும் பயனில்லை.

அந்தக் காரணங்களுக்கென்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்த ஐந்து ஹெச், ஐந்து டி பட்டியலை எல்லா ஊரிலும் ஒரே வரிசையில் ஒப்பிக்க வேண்டியதில்லை. தாம்பரத்தில் முதலில் நெஞ்சைச் சந்தேகியுங்கள். 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்கென்று சானடோரியம் தொடங்கிய ஊர் இது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக உள்ள அந்த வளாகத்தை நம்பி வருபவர்களில் பழைய காசநோயால் நுரையீரல் சிதைந்தவர்கள் உண்டு, சிஓபிடி முற்றியவர்கள் உண்டு. மூச்சு முட்டினால் அவர்கள் பக்கத்திலுள்ள நம் காஷுவாலிட்டிக்கும் வருவார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்கு டியூப் போட்ட பதற்றத்தில் அம்பு பையை நிமிடத்துக்கு முப்பது, நாற்பது முறை அமுக்குகிறோம். போன காற்று வெளியே வர நேரமில்லை. நெஞ்சு உப்பியே நிற்கும், இதயத்துக்கு ரத்தம் திரும்பாது. பையைக் கழற்றி, நெஞ்சை அழுத்திக்கொண்டே பத்து விநாடி விடுங்கள். அடைபட்ட காற்று உஸ்ஸென்று வெளியேறும். சிலருக்கு அப்போதே நாடி திரும்பும். அதன்பின் நிமிடத்துக்குப் பத்து மூச்சு போதும்.

கழற்றியும் ஒரு பக்கம் உப்பியிருந்து மூச்சொலி கேட்கவில்லையென்றால் டென்ஷன் நியூமோதோராக்ஸ் என்றே கொள்ளுங்கள். எக்ஸ்ரேயைத் தேடாதீர்கள். நான்காம் அல்லது ஐந்தாம் விலா இடைவெளியில், நடு அக்குள் கோட்டுக்குச் சற்று முன்னே ஊசி. அது அடைத்துக்கொண்டால் அங்கேயே கீறி விரலால் திறப்பது. அல்ட்ராசவுண்ட் இருந்தால் நாடி பார்க்கும் பத்து விநாடிக்குள் முடியுங்கள். புரோபுக்காக நெஞ்சழுத்தம் நிற்கக் கூடாது.

அடுத்தது பொட்டாசியம். மழையில் சாலை அடைபட்டால் டயாலிசிஸ் தள்ளிப்போகும், பொட்டாசியம் ஏறும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை இங்கே யாரும் மறக்கவில்லை. கையில் ஃபிஸ்டுலா இருந்து, அலையும் அகன்று வந்தால், லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 30 மி.லி. செலுத்துங்கள். சோடாபைகார்ப் கொடுப்பதானால் இடையில் சலைன் தள்ளிய பிறகே. இல்லையேல் இரண்டும் சேர்ந்து லைனிலேயே வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும்.